'தெரியாமல் நடந்துவிட்டது' என்று பெரிய ஃபேஷன் பிராண்டுகள் சொல்வதை நம்பலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்து, ஒப்புதல் கொடுத்து வெளியே வருகிற ஒரு ஸ்வெட்டரிலோ ஷூவிலோ ஓர் இனத்தையே கேவலப்படுத்தும் விஷயம் இருப்பது ஒருத்தர் கண்ணிலும் படாதா? விளம்பரத்துக்காக வேண்டுமென்றே செய்கிறார்களா? அப்புறம், இணையத்தில் இத்தனை பேர் பொங்குகிறார்களே, அதனால் ஏதாவது மாறுகிறதா, இல்லை எல்லாம் இரண்டு வாரக் கூத்துதானா?

ஆடைத் தயாரிப்புப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வதில்லை. ஆனால் 'யாருக்கும் தெரியாது' என்பதையும் நான் நம்புவதில்லை. தெரிந்தவர் யாராவது ஒருவர் அந்த வரிசையில் எங்கேயாவது இருப்பார். அவர் நிற்கும் இடத்திலிருந்து எதையும் நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

முதலில் பலருக்கும் நினைவிருக்கும் சம்பவங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். 2018 ஜனவரியில் எச் அண்ட் எம் என்ற ஸ்வீடன் ஆடை கம்பெனி தன் பிரிட்டன் இணையக் கடையில் ஒரு பச்சை ஹூடியை, அதாவது தலைமூடி வைத்த மேலாடையை, போட்டது. 'காட்டிலேயே கெத்தான குரங்கு' என்ற அர்த்தத்தில் நெஞ்சில் ஆங்கில எழுத்து. அணிந்திருந்தது ஒரு கறுப்பினச் சிறுவன். அதே வரிசையில் இன்னொரு ஆடை இருந்தது, அதில் 'காட்டில் உயிர்பிழைக்கத் தெரிந்த நிபுணர்' என்ற மாதிரி எழுத்து, அதை அணிந்திருந்தது வெள்ளைக்காரச் சிறுவன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. தி வீக்கெண்ட், ஜி-ஈஸி என்ற இரண்டு பாடகர்கள் கம்பெனியுடன் இருந்த தொடர்பை முறித்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இஎஃப்எஃப் என்ற எதிர்க்கட்சிக்காரர்கள் கடைகளுக்குள் புகுந்து அடித்து நொறுக்க, அந்த நாட்டில் கடைகளைத் தற்காலிகமாக மூட வேண்டி வந்தது.

இங்கே எல்லாரும் கேட்டது, "அந்த ஹூடியை வரைந்தவன் எப்பேர்ப்பட்ட இனவெறியன்!" என்பதைத்தான். என் கணிப்பு வேறு. குழந்தைகள் ஆடையில் குரங்கு, சிங்கம், டைனோசர் எல்லாம் தினமும் அச்சாகிறவை. பிரிண்ட் போடுகிறவர் ஒரு இடத்தில் உட்கார்ந்திருப்பார். வாசகத்தை ஒப்புக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் வேறு டீம். தைப்பது இன்னொரு நாட்டுத் தொழிற்சாலை. போட்டோ ஷூட் நடக்கும் நாளில் எந்தக் குழந்தைக்கு எந்த சைஸ் பொருந்துகிறதோ அதை மாட்டி, ஒரே நாளில் ஏகப்பட்ட ஸ்டைல் நம்பர்களை முடித்தாக வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஆடையின் நிறமும் தையலும் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பாரே தவிர வாசகத்தை ஒருமுறை படிப்பாரா என்பதே சந்தேகம். ஆக, ஹூடியில் இல்லாத ஓர் அவமானம் ஹூடியும் பையனும் சேர்ந்த படத்தில் பிறக்கிறது. அந்தச் சேர்க்கையைப் பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவர் அந்த வரிசையில் யாருமில்லை.

சரி, குரங்கு என்றால் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களும் உண்டு. "நாங்கள் எங்கள் பிள்ளையைச் செல்லமாகக் குரங்கு என்கிறோமே" என்பார்கள். 1906-ல் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ நாட்டு இளைஞரைக் குரங்குக் கூண்டுப் பகுதியில் ஆட்களுக்குக் காட்சிப் பொருளாக வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். பத்து வருடம் கழித்து அவர் தற்கொலை செய்துகொண்டார். இன்றும் ஐரோப்பியக் கால்பந்து மைதானங்களில் கறுப்பின வீரர்களைப் பார்த்துக் குரங்கு மாதிரிக் கத்துகிறார்கள், வாழைப்பழம் எறிகிறார்கள். இதையெல்லாம் வாழ்நாள் முழுக்கக் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்கும்போது என்ன தோன்றும் என்பதை மற்றவர்கள் அளவுகோலில் அளக்க முடியாது.

அடுத்தது பெரிய சிவப்பு உதடு. 2018 டிசம்பரில் இத்தாலியச் சொகுசு பிராண்டான பிராடா, 'பிராடாமாலியா' என்று குட்டிப் பொம்மைகளையும் சாவிக்கொத்துகளையும் வெளியிட்டது. அதில் ஒன்று கறுப்பு முகம், பெருத்த சிவப்பு உதடு கொண்ட குரங்கு மாதிரி உருவம், விலை 550 டாலர். நியூயார்க் சோஹோ கடையின் கண்ணாடி ஜன்னலில் அதைப் பார்த்தவர் சினியேரே எசி என்ற மனித உரிமை வழக்கறிஞர். அப்போதுதான் அவர் வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போய், இதே உருவங்களின் வரலாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார், தீப்பிடித்துக்கொண்டது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இன்னொரு இத்தாலிய பிராண்டான கூச்சி மாட்டிக்கொண்டது. 890 டாலர் விலையில் ஒரு கறுப்பு ஸ்வெட்டர். கழுத்துப் பகுதியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொள்ளலாம், வாய் இருக்கும் இடத்தில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிப் பெரிய சிவப்பு உதடு. அதுவும் வெளிச்சத்துக்கு வந்தது பிப்ரவரி மாதம், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் வரலாற்று மாதம். அதே நாட்களில்தான் பாடகி கேட்டி பெர்ரியின் காலணி பிராண்டில் முகம் வரைந்த கறுப்பு ஷூக்களும் இதே காரணத்துக்காகக் கடைகளிலிருந்து இறங்கின. அதற்கெல்லாம் முன்னால், 2016-லேயே, மான்க்லேர் என்ற சொகுசு பிராண்ட் இதே மாதிரி ஒரு கறுப்பு முகம், சிவப்பு உதட்டு உருவத்தைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒரே உருவம், ஒரே கோபம், மூன்று வருடத்துக்குள் நான்கு பிராண்ட். ஒருத்தர் அடிபட்டதை இன்னொருத்தர் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம்.

அந்த உதட்டின் கதை தெரியாமல் இந்தக் கோபம் புரியாது. 1830-கள் வாக்கில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர், எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசி, 'ஜிம் க்ரோ' என்ற கறுப்பின அடிமைக் கோமாளியாக மேடையில் ஆடிப் பேர் வாங்கினார். அதைத் தொடர்ந்து மின்ஸ்ட்ரல் ஷோ என்று ஒரு பெரிய பொழுதுபோக்குத் தொழிலே வளர்ந்தது. கரி முகம், வாயைச் சுற்றி சிவப்பு அல்லது வெள்ளைப் பட்டை, உருட்டும் கண், சோம்பேறித்தனம், முட்டாள்தனம். கறுப்பினத்தவரை நேரில் பார்த்தே இராத ஊர்களில்கூட மக்கள் மனதில் பதிந்த முதல் பிம்பம் இதுதான். அந்தப் பாத்திரத்தின் பெயரையே பிறகு தெற்கு மாநிலங்களின் இனப் பிரிவினைச் சட்டங்களுக்கு ஜனங்கள் வைத்தார்கள். பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியிலேயே 1978 வரை இந்த மாதிரிக் கரிபூசிய ஆட்ட நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ஆக இதைத் தொல்லியல் என்று தள்ளிவிட முடியாது, பார்த்து ரசித்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கூச்சியின் அன்றைய தலைமை வடிவமைப்பாளர் அலெஸ்ஸாண்ட்ரோ மிக்கேலே, தன் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் லீ பௌரி என்ற லண்டன் நடிப்புக் கலைஞரின் ஒப்பனைதான் தனக்கு உந்துதல் என்று சொன்னார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பௌரியின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய உதடு தெரியும். 2012-ல் அடிடாஸ், கணுக்காலில் ஆரஞ்சு நிற விலங்கும் சங்கிலியும் தொங்கும் ஷூவை வெளியிடப் போவதாக அறிவித்து, அடிமைச் சங்கிலி மாதிரி இருக்கிறது என்று கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் உட்பட எல்லாரும் எதிர்த்தபோது, வடிவமைத்த ஜெரமி ஸ்காட் 1980-களின் ஒரு பொம்மையைக் காட்டினார். அந்தப் பொம்மையின் கையில் உண்மையிலேயே ஆரஞ்சு விலங்கு இருந்தது. சரி, உந்துதல் எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகிவிட்டது. அதற்காக அந்த ஷூவைக் கடையில் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் அந்தப் பொம்மையின் படத்தைச் சேர்த்தா விற்க முடியும்? வடிவமைப்பாளர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு உள்ளே எவ்வளவு மதிப்போ தெரியாது, தெருவில் அதற்கு மதிப்பில்லை. அடிடாஸ் அந்த ஷூவைச் சந்தைக்கு வருவதற்கு முன்பே கைவிட்டது.

சப்ளையர் பக்கத்திலிருந்து வரும் தவறுகளும் உண்டு, அவற்றைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 2007-ல் ஜாரா என்ற ஸ்பெயின் ஆடை கம்பெனி ஒரு கைப்பையைத் திரும்பப் பெற்றது, அதில் ஸ்வஸ்திகா எம்ப்ராய்டரி இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த பை. ஒப்புதல் கொடுத்த சாம்பிளில் அது இல்லவே இல்லை என்பது கம்பெனியின் விளக்கம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நடக்கக்கூடியது என்று தெரியும். சாம்பிள் ஒரு மாதிரி, புரொடக்‌ஷன் ஒரு மாதிரி. தைத்தவருக்கு அது மங்கலச் சின்னம், ஐரோப்பாவில் வாங்கியவருக்கு நாஜிக் கொடி. இதில் யாரையும் இனவெறியர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 2020-ல் ஷீன் என்ற இணைய ஆடைக் கடை, ஸ்வஸ்திகா பதக்கம் வைத்த சங்கிலியை விற்றுவிட்டு இது பௌத்தச் சின்னம் என்று விளக்கம் சொன்னபோது, பதின்மூன்று வருடமாக எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் என்பதால், அந்தச் சலுகையைக் கொடுக்க முடியவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உள்ளே ஒருவருக்கும் தெரியாதா? 2019 பிப்ரவரியில் லண்டன் ஃபேஷன் வீக்கில் பர்பரி என்ற பிரிட்டிஷ் பிராண்டின் ஷோ. ஒரு ஹூடியின் கழுத்துக் கயிறு அப்படியே தூக்குக் கயிற்றுச் சுருக்கு மாதிரி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அமெரிக்காவில் கும்பல் கூடிக் கறுப்பினத்தவரைத் தூக்கில் தொங்கவிட்ட கொலைகள் 4,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன, தற்கொலையில் குடும்பத்தினரை இழந்தவர்களுக்கும் அந்தக் கயிறு வேறொன்றை நினைவுபடுத்தும். அந்த ஷோவில் நடந்த ஒரு மாடலே இதை மேடைக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். தனக்குக் கிடைத்த பதில், இது ஃபேஷன், உன் சொந்த விஷயம் யாருக்கும் தேவையில்லை, உன்னோடு வைத்துக்கொள் என்ற ரீதியில் இருந்தது என்று பிறகு எழுதினார். ஷோ முடிந்து, அவர் இன்ஸ்டாகிராமில் போட்டு, கண்டனம் கிளம்பி, அப்புறம்தான் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் நியூயார்க்கின் எஃப்ஐடி என்ற ஃபேஷன் கல்லூரியின் ஷோ. மாடல்களுக்குப் பெரிய பிளாஸ்டிக் காதும் உதடும் மாட்டிவிட்டார்கள். ஒரு கறுப்பின மாடல், இது இனவெறி மாதிரித் தெரிகிறது, போட மாட்டேன் என்றார். நாற்பத்தைந்து நொடி சங்கடப்பட்டால் ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொன்னார்களாம். அவர் மறுத்து, அவை இல்லாமலே நடந்தார். கல்லூரித் தலைவர் பிறகு மன்னிப்புக் கேட்டார், பொறுப்பில் இருந்த இரண்டு பேர் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். இங்கே தகவல் இல்லை என்று எப்படிச் சொல்வது? தகவல் மேடைக்குப் பின்னால், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, நின்றுகொண்டிருந்தது. அதைச் சொன்னவர் அந்த அறையிலேயே மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவர்.

ஆடைத் துறையில் இது எவ்வளவு சாதாரணம் என்பதை வெளியே இருப்பவர்கள் புரிந்துகொள்வது கடினம். சாம்பிளில் ஏதோ உறுத்துகிறது என்று ஜூனியர் ஒருவருக்குத் தோன்றும். அந்த நேரத்தில் துணி வெட்டியாகிவிட்டது, ஷிப்மென்ட் தேதி பக்கத்தில் நிற்கிறது, பையர், அதாவது ஆர்டர் கொடுத்த கம்பெனி, அனுப்பிய ஒப்புதல் மெயிலும் வந்துவிட்டது. அந்த நிலையில் வாயைத் திறப்பவர் 'பிரச்சினை பண்ணுகிறவர்' ஆகிவிடுவார். பெரிய டிசைனர் பெயர் உள்ள பிராண்டுகளில் இன்னும் மோசம், அங்கே தலைமை வடிவமைப்பாளரின் கற்பனையைக் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு.

வேலைக்கு ஆள் எடுப்பதற்கும் துணியில் அச்சாவதற்கும் உள்ள தொடர்பை எனக்குப் புரியவைத்தது ஒரு பழைய கதை. 2002 ஏப்ரலில் அமெரிக்காவின் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச், கூம்புத் தொப்பியும் சாய்ந்த கண்ணும் கொண்ட சீனர்களைக் கேலிச்சித்திரமாகப் போட்டு, சலவைக் கடை நகைச்சுவை வாசகங்களோடு டி-ஷர்ட் விற்றது. ஆசிய அமெரிக்க மாணவர்கள் கடை வாசலில் வந்து நின்றார்கள். கம்பெனியின் செய்தித் தொடர்பாளர் சொன்னது, ஆசியர்களுக்கு இந்த டி-ஷர்ட் ரொம்பப் பிடிக்கும் என்றுதான் நினைத்தோம் என்று. படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. டி-ஷர்ட்டை எடுத்துவிட்டார்கள், விஷயம் அடங்கியது. அடுத்த வருடமே அதே கம்பெனி மீது ஒரு வழக்கு, வெள்ளையரல்லாதவர்களை வேலைக்கு எடுப்பதில்லை, எடுத்தாலும் வாடிக்கையாளர் கண்ணில் படாத ஸ்டாக் ரூமுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று. 2004-ல் 40 மில்லியன் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். ஆசியர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தவர்கள் பக்கத்தில் கேட்டுப் பார்க்க ஓர் ஆசியராவது இருந்தாரா என்பது தனிக் கேள்வி. இருந்திருந்தாலும் ஸ்டாக் ரூமில் இருந்திருப்பார்.

விளம்பரத்துக்காகச் செய்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் பார்த்துவிடலாம். ஒரு டி-ஷர்ட் கம்பெனி சர்ச்சையை நாடலாம். ஆனால் டோல்சே அண்ட் கபானா என்ற இத்தாலிய பிராண்டுக்கு 2018 நவம்பரில் நடந்ததைப் பார்த்த எந்த நிதி அதிகாரியும் இந்த விளையாட்டுக்குச் சம்மதிக்க மாட்டார். ஷாங்காயில் பிரம்மாண்ட ஷோவுக்கு முன்னோட்டமாக வீடியோ போட்டார்கள், சீனப் பெண் ஒருவர் பீட்சாவையும் ஸ்பகெட்டியையும் சாப்ஸ்டிக்கால் சாப்பிடத் தெரியாமல் திணறுவதாக. பின்னணிக் குரல் வேறு கேலி பண்ணுகிறது. கண்டனம் கிளம்பிய நேரத்தில், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டெஃபானோ கபானாவின் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து சீனாவைக் கேவலமாகத் திட்டிய தனிச் செய்திகள் வெளியாயின. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றார்கள். ஷோ தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு ரத்து. நடிகர் நடிகைகள் விலகினார்கள், சீனாவின் பெரிய இணையக் கடைகளான அலிபாபாவும் ஜேடியும் அந்த பிராண்டின் பொருட்களையே தேடலில் வராதபடி எடுத்துவிட்டன. உலக சொகுசுப் பொருள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கை அன்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சீனர்கள். இரண்டு நிறுவனர்களும் சிவப்புச் சுவருக்கு முன் உட்கார்ந்து இத்தாலிய மொழியில் பேசி, கடைசியில் சீன மொழியில் மன்னிப்புக் கேட்கும் வீடியோவை யாரும் விளம்பரம் என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் பெரிய கேள்வி, கத்துவதால் ஏதாவது மாறுகிறதா? என் பதில் கொஞ்சம் கசப்பானது. வாங்குபவர்களின் கோபம் மட்டும் இருந்தால் மிகக் குறைவாகவே மாறுகிறது. கூச்சியைப் புறக்கணியுங்கள் என்று 2019-ல் ராப் பாடகர்கள் சொன்னார்கள், அவர்களில் 50 சென்ட் என்பவர் சட்டையை எரித்து வீடியோ போட்டார். இயக்குநர் ஸ்பைக் லீ, கறுப்பின வடிவமைப்பாளர்களை வேலைக்கு எடுக்கும்வரை கூச்சியும் பிராடாவும் அணிய மாட்டேன் என்றார். அந்த வருடம் கூச்சியின் விற்பனை சுமார் 9.6 பில்லியன் யூரோ. முந்தின வருடம் சுமார் 8.3 பில்லியன். விற்பனை ஏறியிருக்கிறது.

ஆனாலும் கூச்சி இறங்கி வந்தது. காரணம் டாப்பர் டேன். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழும் ஹார்லெமில் 1980-களில் கடை வைத்து, கூச்சி, லூயி வித்தான் லோகோக்களைத் தன் இஷ்டத்துக்கு அச்சிட்டு ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் கோட்டு தைத்துக் கொடுத்தவர். பிராண்டுகள் வழக்குப் போட்டுச் சோதனை நடத்தி 1992-ல் கடையை மூடவைத்தன. 2017-ல் கூச்சியே அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றை அச்சு அசலாகக் காப்பியடித்து மாட்டிக்கொண்டது. சர்ச்சைக்குப் பிறகு சமரசமாகி, அவரோடு சேர்ந்து ஹார்லெமிலேயே தையலகம் திறந்தார்கள். கறுப்பின வாடிக்கையாளர்களிடம் கூச்சிக்கு இருந்த நற்பெயரே அவர்தான். அவர், நான் ஒரு பிராண்டாக இருப்பதற்கு முன்பே கறுப்பினத்தவன் என்று எழுதியதும், தலைமை அதிகாரி மார்கோ பிஸ்ஸாரி விமானம் ஏறி ஹார்லெமுக்கு வந்து உட்கார்ந்து பேசினார். அதன்பிறகு பன்முகத்தன்மைக்கெனத் தனி அதிகாரி, வடிவமைப்பு உதவித்தொகை, 5 மில்லியன் டாலர் நிதி எல்லாம் வந்தன. ட்விட்டரில் லட்சம் பேர் சொன்னது கம்பெனிக்குச் சத்தம், அந்த ஒருவர் சொன்னது இழப்பு.

பிராடா விஷயத்தில் இதைவிடத் தெளிவாகத் தெரியும். கம்பெனியின் முதல் அறிக்கை படிக்கவே வேடிக்கையாக இருந்தது, இவை கற்பனை உயிரினங்கள், நிஜ உலகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று. எசி ஒரு வழக்கறிஞர் என்பதால் ஃபேஸ்புக்கோடு நிற்கவில்லை, நியூயார்க் நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நியூயார்க் ஊழியர்களோடு மிலானில் இருக்கும் மேலதிகாரிகளும் பயிற்சிக்கு உட்கார வேண்டும், இயக்குநர் மட்டத்தில் ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும், அமெரிக்காவில் விற்பதற்கும் விளம்பரம் செய்வதற்கும் முன்பே டிசைன்களை அவர் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எச் அண்ட் எம் கதையில் இல்லாமல்போன அந்த வேலையை இது ஒருவர் மேஜையில் வைக்கிறது. மன்னிப்புக் கடிதம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் இதற்கு ஈடாகாது.

எல்லாக் கோபமும் நியாயமா என்றால், இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 2015-ல், கிமோனோ என்ற ஜப்பானியப் பாரம்பரிய உடையில் ஒரு பெண்ணைப் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த ஓவியம் ஒன்றின் முன்னால் பார்வையாளர்கள் அதே மாதிரிக் கிமோனோவை அணிந்து படமெடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. இனவெறி என்று சிலர் பதாகை பிடித்தார்கள், அருங்காட்சியகம் அணிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டது. கொஞ்ச நாளில் கிமோனோ கட்டிய ஜப்பானியப் பெண்கள் சிலர் எதிர்ப் பதாகையோடு வந்து, எங்களுக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை என்றார்கள். இந்த மாதிரி இடங்களில் நான் பார்ப்பது இரண்டு விஷயங்களைத்தான். அந்தப் பொருள் யாரையாவது கீழ்த்தரமாகக் காட்டுகிறதா, அல்லது யாருடைய பிழைப்பையாவது எடுத்துக்கொள்கிறதா. இரண்டும் இல்லையென்றால் நான் பேசாமல் நகர்ந்துவிடுவேன். 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடைப் பிராண்டுக்குக் கிமோனோ என்று பெயர் வைத்து வணிகச் சின்னமாகவும் பதிவு செய்யப் பார்த்தது வேறு கதை. கியோட்டோ மேயரே கடிதம் எழுதினார், பெயரை மாற்றினார்கள்.

கீழ்த்தரமாகக் காட்டுவதும் எடுத்துக்கொள்வதும் இரண்டு தனித்தனிக் குற்றங்கள், ஒரே சொல்லில் போட்டு அடைக்கக் கூடாது. கரிபூசிய முகத்தை எந்தக் கறுப்பினக் கைவினைஞருக்குப் பணம் கொடுத்தாலும் சரிசெய்ய முடியாது. மெக்சிகோ பழங்குடியினரின் எம்ப்ராய்டரியை இசபெல் மாரான், கரோலினா ஹெரேரா என்ற ஃபேஷன் பிராண்டுகள் எடுத்துக்கொண்டதையும் பெயர், பங்கு, அனுமதி கொடுத்துச் சரிசெய்திருக்கலாம். மெக்சிகோ பண்பாட்டு அமைச்சரே அந்த பிராண்டுகளுக்குக் கடிதம் எழுதினார். 2022-ல் அதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் 2025 ஆகஸ்டில் அடிடாஸ், மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்து யலாலக் ஊரின் தோல் செருப்பு மாதிரியை அனுமதியில்லாமல் ஒரு ஷூவில் போட்டு மாட்டியது. இந்த முறை கம்பெனி ஆள் அந்த ஊருக்கே போய் நேரில் மன்னிப்புக் கேட்டார்.

பிராடா மறுபடியும் 2025 ஜூனில் செய்திக்கு வந்தது. மிலான் ஆண்கள் ஷோவில் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே நடக்கவிட்டு, வெறும் தோல் செருப்பு என்று மட்டும் சொன்னார்கள். 2020 ஒப்பந்தம் கேட்டது ஒரு குறிப்பிட்ட வகைத் தவறைத் தடுக்க, இது அந்த வலையில் சிக்காத வகை. அந்தச் செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருந்தது. மும்பை உயர் நீதிமன்றத்தில் சிலர் பொதுநல வழக்குப் போட்டார்கள், குறியீட்டின் உரிமையாளர் நீங்கள் இல்லையே என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வேலை நடந்தது மகாராஷ்டிர வர்த்தக சபையின் கடிதத்தால். பிராடா எழுத்தில் ஒப்புக்கொண்டது, ஜூலையில் அவர்கள் ஆட்கள் கோலாப்பூர் வந்து செருப்புத் தைப்பவர்களைப் பார்த்தார்கள், டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டார்கள், உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டு 2,000 ஜோடி, ஜோடி சுமார் 800 யூரோ விலையில். அந்த 800-ல் தைத்தவர் கைக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் இனிமேல் யாராவது கேட்க வேண்டும்.